நான் அளக்காத மடவை

சனிக்கிழமை சாயங்காலம் சேரன்மகாதேவியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போனால், அம்மா முதலில் என் முகத்தைப் பார்க்கமாட்டாள். என் சட்டையைத்தான் மோந்து பார்ப்பாள். "ஏல, அங்கனயே நில்லு. கவிச்சி அடிக்கி" என்று வாசலிலேயே நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொல்வாள். அதை ஒரு குச்சியால் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போவாள். நான் நேரே ஆற்றுக்குப் போய் முங்கிவிட்டு வர வேண்டும். வந்து இலை முன்னால் உட்கார்ந்த பிறகும் கேள்வி விடாது.

"சத்தியமா சொல்லுலே. அங்கன வாயில கீயில வைக்கலியே?"

வைக்கவில்லை. ஆறு மாதம் மீனைத் தொட்டேன், தூக்கினேன், அளந்தேன். ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை. இதைச் சொன்னால் அம்மா நம்பமாட்டாள். எங்கள் வீட்டில் வயல்கள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. சந்தேகம் மட்டும் பாகம் பிரிக்காமல் முழுதாக இருந்தது. பால்காரர் மேல் சந்தேகம், தபால்காரர் மேல் சந்தேகம், சிரித்துப் பேசுகிறவர் மேல் இரட்டைச் சந்தேகம். அதில் என் பங்கை எடுத்துக்கொண்டுதான் நான் புன்னக்காயலுக்கு வேலைக்குப் போனேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. விலங்கியல் படித்துவிட்டு மூன்று வருடம் வீட்டில் கிடந்தவனுக்குத் தூத்துக்குடியில் ஒரு மீன் ஆராய்ச்சி அலுவலகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. தாமிரபரணி கடலோடு சேரும் இடத்தில் பிடிபடும் மடவை மீனை ஆறு மாதம் அளந்து எழுத வேண்டும். மடவை கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் ஆற்று முகத்துக்குள் ஏறி, உப்பும் நன்னீரும் கலந்த அந்தத் தண்ணீரில் வளர்ந்து, பெரிதானதும் மறுபடி கடலுக்குப் போகும். அப்படி வளர விடுகிறார்களா, இல்லை குஞ்சிலேயே வாரிவிடுகிறார்களா என்பதுதான் ஆராய்ச்சி.

என் மேலதிகாரி கெட்டவர் இல்லை. மீன் மேல் உண்மையான அக்கறை உள்ளவர். மனிதர்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லாதவர். முதல் நாளே கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார். "அந்த ஊர்க்காரங்க சின்னக்கண்ணி வலை போடுறாங்க. விரல் நுழையாத கண்ணி. குஞ்சு எல்லாம் அதுலதான் போகுதுன்னு எனக்குச் சந்தேகம். உங்க அளவு அதைக் காட்டினா, ஆத்து முகத்துல அந்த வலையை நிறுத்தச் சொல்லி கலெக்டர் கூட்டத்துக்கு அறிக்கை போகும். இதை ஊர்ல மூச்சு விடாதீங்க. தெரிஞ்சா மீனை மறைச்சிருவாங்க."

நான் பலமாகத் தலையாட்டினேன். மறைப்பார்கள் என்று சொன்னதும் எனக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது.

ஆத்தூரில் ஒரு அறை. கீழே சைவ மெஸ். காலையில் அங்கே கேரியரில் தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் புன்னக்காயல் போவேன். வள்ளங்கள் கரைக்கு வந்ததும் மீனைக் குவித்து ஏலம் விடுவார்கள். ஏலம் தொடங்கும் முன் என் அளவுப்பலகையை மணலில் வைத்து, ஒவ்வொரு குவியலிலும் கொஞ்சம் மடவையை எடுத்து மூக்கிலிருந்து வால்வரை அளந்து நோட்டில் குறிப்பேன். சுற்றி நின்று பார்ப்பார்கள். யாரும் தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை.

"சாருக்கு மீன்னா ரொம்ப இஷ்டமோ?" என்று ஒருவர் கேட்டார்.

"நான் சைவம்" என்றேன்.

அவர் கூட்டத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "திங்காத மீனுக்கு நீளம் எதுக்குவே?"

சும்மா ஆராய்ச்சிக்கு என்றேன். அந்த "சும்மா"வை ஊரில் ஒருவரும் நம்பவில்லை. அப்போது கடற்கரை நெடுக இறால் பண்ணைக்கு நிலத்தை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பண்ணைக்காரர்கள் ஆற்று முகத்தை வளைத்துப்போட அனுப்பிய ஆள் நான் என்று ஒரு பேச்சு. வள்ளத்துக்கு வரி போட வந்த ஆள் என்று இன்னொரு பேச்சு. நான் நோட்டை மூடினால் எதற்கு மூடுகிறான் என்று பார்த்தார்கள். திறந்தால் அதற்கும் பார்த்தார்கள். உள்ளபடி சொன்னால், அவர்கள் நினைத்ததைவிட நான் எழுதப்போனது மோசமானது. அதனால் எனக்கும் அவர்கள் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

அளவுப்பலகையைத் தினமும் பஸ்ஸில் தூக்க முடியாது. கரைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு வள்ளக்காரர் இருந்தார். அதிகம் பேசாதவர். பலகையை அவர் வீட்டில் வைத்துவிட்டுப் போக விட்டார். அவர் மனைவிதான் முதல் வாரம் முழுக்க என்னை ஏற இறங்கப் பார்த்தவர். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை சார் என்றார்.

அந்த ஊரில் நல்ல தண்ணீர் லேசில் கிடைக்காது. எந்தப் பக்கம் தோண்டினாலும் உப்பு. தெருக்குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். குடம் வரிசையில் கிடக்கும். ஒரு நாள் வெயிலில் அளந்துவிட்டு வந்தபோது அக்கா ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். ஆனால் குடிக்கும் முன் தம்ளருக்குள் நாலு தரம் பார்த்தேன், செதில் கிதில் ஒட்டியிருக்கிறதா என்று. பிறகு மூக்கருகே கொண்டுபோனேன். அம்மாவின் பிள்ளை. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் தண்ணீர் வேறொரு தம்ளரில் வந்தது. புது எவர்சில்வர் தம்ளர். "இது ஒங்களுக்குன்னு வச்சது தம்பி. குசினிப் பக்கமே போவாது. மாடத்துல தனியா இருக்கும்" என்றார். அன்றையிலிருந்து நான் சார் இல்லை, தம்பி. நன்றாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். கூடவே, இவ்வளவு நல்லது செய்கிறாரே, எதற்காக இருக்கும் என்றும் யோசித்தேன்.

மத்தியானம் அவர்கள் வீட்டு முற்றத்துப் பூவரச நிழலில் உட்கார்ந்து கேரியரைத் திறப்பேன். அந்த நேரம் குசினியில் மீன் வெந்துகொண்டிருக்கும். நான் சுவரைப் பார்த்து, குசினிக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொள்வேன். கண்ணில் பட்டால் சோறு இறங்காது. அக்காவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "தம்பி சாப்பிடுதாவ, சட்டிய மூடி வையி" என்று மகளிடம் சொல்லும் சத்தம் கேட்கும்.

மூன்றாம் மாதம் முடிந்தபோது அளவுகளைக் கட்டம்போட்ட தாளில் வரைந்து பார்த்தேன். விரல் நீளக் குஞ்சுகள் ஒரு குன்று. முழங்கை நீளப் பெரிய மடவைகள் இன்னொரு குன்று. நடுவில் வெறும் பள்ளம். சாண் அளவு மடவை ஒன்றுகூட இல்லை. குஞ்சு இருக்கிறது, கிழடு இருக்கிறது, வாலிபத்தைக் காணோம்.

மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். அடுத்த வாரமே வேவு பார்க்கத் தொடங்கினேன். பஸ்ஸுக்குக் காத்திராமல் சைக்கிளில் போய், கவிழ்த்துப் போட்டிருந்த பழைய வள்ளங்களுக்குப் பின்னால் நின்று, வருகிறவர்களை எண்ணினேன். வியாபாரிகளின் ஐஸ் பெட்டிகளைத் திறந்து காட்டச் சொன்னேன். பண்ணைக்கு ரகசியமாகப் போகிறதோ என்று ஒரு மினி லாரியின் பின்னால் சைக்கிளை மிதித்தேன். அதில் உப்புதான் இருந்தது. ஏலக்காரர் மேல் சந்தேகப்பட்டு அவர் பின்னாலேயே நாலு நாள் அலைந்தேன். அவர் என்னிடம், "எனக்குக் கலியாணமாயி மூணு பிள்ள இருக்கு வே, என்ன எதுக்கு இப்பிடிச் சுத்தி வாறீரு?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

இவ்வளவு பார்த்த கண்ணில் ஒன்று தினமும் படாமல் இல்லை. வள்ளத்திலிருந்து இறங்கும் ஒவ்வொருவர் கையிலும் மூடி போட்ட பனையோலைப் பெட்டி ஒன்று இருக்கும். மீனைக் கரையில் கொட்டும் முன்னாலேயே வீட்டுப் பெண்கள் வந்து அதை வாங்கிக்கொண்டு போவார்கள். சோற்றுப்பெட்டி என்று நினைத்தேன். நான் கேரியர் கொண்டுபோகவில்லையா, அதுபோல. ஒருமுறை ஒரு பெட்டி என் கையில் ஈரமாக உரசியது. எச்சில் என்று வெடுக்கென்று கையை இழுத்து வேட்டியில் துடைத்தேன். இன்னொருவர் சாப்பிட்ட பாத்திரத்தை எட்டிப் பார்ப்பதே எங்கள் வீட்டில் தப்பு. ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னவன் அந்த ஓலைப்பெட்டியைத் திறக்கச் சொல்லவில்லை. சந்தேகப்படவே பிறந்தவனுக்கு அந்த ஒரு இடத்தில் மட்டும் சந்தேகம் வராமல் போனது.

ஒளித்துவைத்த இடம் எதுவும் அகப்படாததால் கடைசியில் மேலதிகாரியின் பக்கம் சாய்ந்தேன். தாளைப் பார்த்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "நான் சொன்னேனா? மறைக்கல. வளரவே விடல. குஞ்சை வாரிட்டா நடு அளவு எங்கிருந்து வரும்? பெருசெல்லாம் முந்தின வருஷங்கள்ல தப்பிச்சது. அதுவும் தீர்ந்தா ஆத்துல மடவையே இருக்காது." கேட்கக் கேட்க எல்லாம் பொருந்தியது. சின்னக்கண்ணி வலையை ஆற்று முகத்தில் நிறுத்தலாம் என்று அறிக்கையை என் கையாலேயே எழுதினேன். அந்த வலை நின்றால் சிறிய வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடக்கும், அக்கா வீட்டு வள்ளமும் சேர்த்து. அது எனக்குத் தெரியும். மடவை பிழைத்தால் பிறகு இவர்களும் பிழைப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பெயர் அச்சில் வரப்போகிறது என்ற சந்தோஷமும் இருந்தது.

கலெக்டர் கூட்டத்துக்கு இரண்டு வாரம் இருந்தது. பலகையை எடுத்துவரப் புன்னக்காயல் போனேன். கடைசி நாள்தானே என்று அன்றும் அளந்தேன். மத்தியானம் வழக்கம்போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேரியரைத் திறந்தேன். பின்னால் குசினிப் படியில் அக்கா அரிவாள்மணையில் மீன் உரசும் சத்தம். ஏதோ ஒன்று பறந்துவந்து என் கேரியர் மூடியில் ஒட்டியது. தயிர்ச்சோற்றுக்கு இரண்டு விரல் தள்ளி ஒரு செதில்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஸ்பூன் காம்பால் அதைத் தள்ளப்போனேன். தள்ளும் முன் பார்த்துவிட்டேன். ஆறு மாதம் மடவையோடு இருந்த கண். குஞ்சின் செதில் இவ்வளவு பெரிதாக இருக்காது. பெரிய மடவையின் செதில் இவ்வளவு சிறிதாக இருக்காது. என் சுண்டுவிரல் நகமளவு. இது சாண் அளவு மடவையின் செதில்.

ஆறு மாதத்தில் முதல்தடவையாகக் குசினிப் பக்கம் திரும்பினேன். மண்சட்டியில் ஐந்து மடவை. ஐந்தும் சாண் அளவு. பக்கத்தில் பனையோலைப் பெட்டி மூடி திறந்து சாய்ந்து கிடந்தது.

"அக்கா, இது எங்கன உள்ள மீன்?"

"ஆத்து மீன்தான். எங்க வீட்டுக்காரரு கொண்டாந்தது."

"இந்த அளவு மீன ஏலத்துல நான் பாத்ததே இல்லையே?"

அக்கா சிரித்தார். "கறி மீன எவன் ஏலத்துல போடுவான்? வள்ளத்துலயே ஆளாளுக்குப் பெட்டில எடுத்துக்கிட்டுத்தான மிச்சம் கரைக்கு வரும். பெருசு வெலைக்கு. பொடிசு காயப்போட. இது சட்டிக்கு. தலையும் வாலுமா முழுசாக் கெடந்தாத்தான் கொழம்பு. இது தெரியாதா தம்பி?"

தெரியாது. மீன் தின்னும் எந்த வீட்டிலும் ஆறு வயசுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். நெல் அறுத்தால் வீட்டுக்கு அளந்துபோட்ட பிறகுதான் வியாபாரிக்கு என்று எனக்கே தெரியும், எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. மீன் என்றால் விற்கிற சரக்கு, அவ்வளவுதான் என் மண்டையில் இருந்தது. பிடிக்கிறவர்கள் அதைச் சாப்பிடவும் செய்வார்கள் என்று ஒருநாள்கூட நினைக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் வெந்துகொண்டிருந்ததைத்தான் லாரிக்குப் பின்னால் போய்த் தேடியிருக்கிறேன்.

"ஏன் தம்பி, மூஞ்சி வெளுத்துப்போச்சு?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஊர்ப் பெட்டிகளை எல்லாம் அளந்தால்தான் அறிக்கையை மாற்ற முடியும். அதனால் சொன்னேன். வலையை நிறுத்த எழுதியது, எதற்காக எழுதியது, இப்போது அது தப்பு என்று தெரிவது, எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கையிலிருந்த மீனைக் கீழே வைக்கவில்லை, என் முகத்திலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"ஆறு மாசமா இத எழுதத்தான் வந்திய?"

நான் கேரியரை மூடினேன்.

"எங்க வலையப் பறிக்க எழுதிக்கிட்டேதான் எங்க வீட்டுத் தண்ணியக் குடிச்சிய?"

கேட்டுவிட்டு மறுபடி மீனை உரசத் தொடங்கினார். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவமானமாக இருந்தது, வேறு வார்த்தை இல்லை. சத்தம் கேட்டு வந்த வள்ளக்காரர் சாய்ந்து கிடந்த ஓலைப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். பிறகு, "பெட்டியத்தான அளக்கணும்? அளந்துக்கிடும். நான் சொல்லுதேன்" என்றார்.

அடுத்த நாலு நாளும் பெட்டிகளை அளந்தேன். சிலர் திறந்து காட்டினார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். திறந்த பெட்டி எல்லாவற்றிலும் சாண் அளவு மடவை இருந்தது. தாளில் பள்ளம் மெல்ல நிரம்பியது. ஓட்டமும் நடையுமாக அதைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோனேன்.

மேலதிகாரி தாளைத் தொடக்கூட இல்லை. "நீங்க எதுக்கு அளக்கிறீங்கன்னு இப்ப அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்புறம் என்ன? வலை போகும்னு தெரிஞ்சா தேடிப்பிடிச்சு அந்த அளவுதான் பெட்டியில போடுவாங்க. இதை நான் எப்படி நம்புறது?" என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "உங்களையும்தான் எப்படி நம்புறது? நல்லா மீன் போட்டு அனுப்புறாங்களோ?"

"நான் சைவம் சார்" என்றேன். எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது கோபமாக வந்தது. அதைவிட மோசம், அவர் கேட்டது எனக்கும் சரியாகப் பட்டது. அந்த நாலு நாளும் அவர்கள் பொறுக்கிப் போடவில்லை என்பதற்கு என்னிடம் என்ன அத்தாட்சி? எனக்கே முழுசாகத் தெரியாது. அவர்களுக்கு விஷயம் தெரியும் முன்பே சாப்பிட்டு முடித்த மீனைத்தான் காட்ட வேண்டும். அப்போது கேரியர் மூடியில் ஒட்டிய அந்தச் செதில் ஞாபகம் வந்தது.

மீன் கழிவைப் புறவாசல் மணலில் ஒரு குழியில் கொட்டி மேலே சாம்பல் போடுவது அங்கே வழக்கம். சதை அழுகிப்போகும். செதில் லேசில் போகாது. மறுநாள் அக்கா வீட்டுக் குழி முன்னால் போய் நின்றேன். "தோண்டட்டுமா அக்கா?" என்றேன். "குப்பைதான. தோண்டுங்க" என்று உள்ளே போய்விட்டார். தண்ணீர் கேட்கத் தைரியமில்லை.

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு சாண் ஒரு சாணாகத் தோண்டினேன். இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். மேல் மட்டத்துச் சாம்பலில் போன வாரச் செதில். அதற்குக் கீழே போன மாதம். அதற்கும் கீழே கிறிஸ்துமஸுக்கு வீட்டில் வெள்ளையடித்துக் கொட்டிய சுண்ணாம்பு. அதற்கும் அடியில் நான் அந்த ஊருக்கு வந்த புதிதில் அவர்கள் தின்ற மீனின் செதில்கள், சுண்டுவிரல் நகமளவில், கைப்பிடி கைப்பிடியாக. இன்னும் ஏழு வீட்டுக் குழி தோண்டினேன். கதவைச் சாத்தியவர்களும் குழியைத் தடுக்கவில்லை. மீனைத் தின்னாதவன் குப்பை மீனைக் கிளறுகிறான் என்று பிள்ளைகள் வேடிக்கை பார்த்தார்கள். அந்தச் சனிக்கிழமை அம்மா என் சட்டையைத் துவைக்கவில்லை. எரித்துவிட்டாள்.

மேலதிகாரி ஒரு பகல் முழுக்கச் செதில்களை லென்சில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு பொட்டலத்திலும் எந்தக் குழி, எத்தனை சாண் ஆழம், சுண்ணாம்புக்கு மேலா கீழா என்று எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டார். நான் வெளியிலிருந்து கொண்டுவந்து கலந்திருப்பேனோ என்று அவர் யோசிப்பது தெரிந்தது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "வளர்ந்திருக்கு. நடு அளவு இருந்திருக்கு" என்றார். வலையை நிறுத்தச் சொன்ன பக்கத்தை அவரே கிழித்தார். கிழிக்கும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை. அதற்காக இன்றுவரை அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

கூட்டத்தில் சின்னக்கண்ணி வலையைப் பற்றிப் பேச்சே எழவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் புன்னக்காயல் போனேன். பஸ்ஸில் சிரித்துக்கொண்டே போனேன் என்று நினைக்கிறேன். வள்ளக்காரர் கடலுக்குப் போயிருந்தார். அக்கா முற்றத்தில் குஞ்சு மீனைக் கருவாட்டுக்குப் பரப்பிக்கொண்டிருந்தார்.

"அக்கா, வலைக்கு ஒண்ணும் ஆகாது. அறிக்கைய மாத்தியாச்சு" என்றேன்.

"சரி" என்றார். நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினார். சண்டை இல்லை, முகச்சுளிப்பு இல்லை.

நான் நின்றேன். நல்ல வெயில். தொண்டை காய்ந்தது. கண் தானாக மாடத்துக்குப் போனது. அங்கே விளக்கு மட்டும் இருந்தது.

அக்கா பக்கத்துச் சாக்கிலிருந்து உப்பை அள்ளி மீன் மேல் தூவினார். அள்ளியது என் எவர்சில்வர் தம்ளரால். அதன் விளிம்பெல்லாம் செதில் ஒட்டியிருந்தது.

"இன்னைக்குக் கொழாயில தண்ணி வரும், சார்" என்றார்.